இரண்டரை ஆம்பியர் சூடு

எங்கள் ஊர் பைத் ஸிந்தியானில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் விளக்கை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம்தான் உட்காருவார். "இது கவர்மெண்டா, தன்னூஸா?" என்று கேட்பார். கவர்மெண்டு என்றால் வீட்டுக்காரி சலவை இயந்திரத்துக்கு ஓடுவாள், விருந்தாளி தன் வீட்டுக்கு ஓடுவார். தன்னூஸ் என்றால் இருவரும் நிதானமாகக் காப்பி குடிக்கலாம். எங்கள் ஊரில் விருந்தோம்பல் மிச்சமிருப்பது தன்னூஸின் தயவில்தான்.

கவர்மெண்டு என்று நாங்கள் சொல்வது அரசாங்கக் கம்பியில் வரும் மின்சாரத்தை. வேறு எந்த வேடத்திலும் அது எங்கள் அக்கார் மலையில் ஏறி வந்ததாக நினைவில்லை. நாளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வரும். எப்போது என்று அதற்கே தெரியாது. மற்ற நேரத்துக்கு, ஊர் மேட்டில் தகரக் கொட்டகைக்குள் ஓடும் முஅல்லிம் தன்னூஸின் டீசல் மோட்டார். காலை ஆறு முதல் பன்னிரண்டு, மாலை ஐந்து முதல் பதினொன்று. முஅல்லிம் என்பது தொழில் கற்றவர்களுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. தன்னூஸ் பத்து வருடத்துக்கு முன்னால் வேனில் மணியடித்து ஐஸ்கிரீம் விற்றவர். மோட்டார் வாங்கிய மறுவாரமே அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. டீசல் விலை ஏறும்போதெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வரும். "மதிப்புக்குரிய சந்தாதாரப் பெருமக்களே" என்று தொடங்கும். அந்தப் 'பெருமக்களே' காதில் விழுந்ததும் பெண்கள் மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள், எத்தனை டாலரோ என்று.

அவர் விற்பது ஆம்பியர். பத்து ஆம்பியர் வாங்குகிறவர் பெரிய மனிதர். ஐந்து, குடும்பஸ்தர். இரண்டரைக்காரர் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். வாங்கிய அளவுக்கு மேல் இழுத்தால் கம்பத்துப் பெட்டியில் இருக்கும் ட்ரிப் சுவிட்சு விழும். யாராவது கம்பம் வரை நடந்துபோய் அதைத் தூக்கிவிட வேண்டும். எந்த வீட்டுச் சுவிட்சு எத்தனை தடவை விழுகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் அந்தரங்கம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் சார்ஜண்ட் கத்தாஸ் ஐந்திலிருந்து இரண்டரைக்கு இறங்கினார்.

இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்தவர். நாட்டுப் பணம் மண்ணாகிப்போன வருடத்தில் அவருடைய ஓய்வூதியம் இரண்டு காஸ் சிலிண்டருக்கும் அரை மூட்டை உருளைக்கிழங்குக்கும் சரியாகப் போயிற்று. மீசை மட்டும் இறங்கவில்லை. "இது பின்வாங்கல் இல்ல, அணியை மாத்தி நிறுத்துறது" என்று மனைவி நஜ்லாவிடம் விளக்கினார். நஜ்லா குளிர்பெட்டியை அணைத்து, அதற்குள் வெங்காயத்தையும் அவருடைய அணிவகுப்பு பூட்சையும் வைத்துச் சாத்தினாள்.

இரண்டரை ஆம்பியரில் ஒரு பெட்டி ஓட வேண்டியிருந்தது. முட்டை பொரிக்கும் பெட்டி. இரண்டு தங்க வளையல்களை விற்று நஜ்லா வாங்கியது. விருந்தினர் அறையில், சோபாக்களை ஒதுக்கிவிட்டு, சீருடையில் கத்தாஸ் முறைத்துப் பார்க்கும் படத்துக்கு நேர் கீழே அது இருந்தது. ஒரே ஈட்டில் நூற்று அறுபத்தெட்டு முட்டை.

தவக்காலத்தில் நாங்கள் முட்டை தொடுவதில்லை. நோன்பு எங்களுக்குத்தான், கோழிகளுக்கு இல்லை. அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். அப்படி மீந்துபோகும் முட்டைகளைத்தான் ஊர்ப் பெண்கள் நஜ்லாவிடம் கொண்டுவருவார்கள். முட்டையின் மேல் பென்சிலால் அவரவர் பெயரின் முதல் எழுத்து. பொரிந்ததில் பாதி முட்டைக்காரிக்கு, பாதி சூடு கொடுத்தவளுக்கு. நஜ்லாவின் பாதி, ஈஸ்டருக்கு முந்தைய வாரச் சந்தையில் குஞ்சுகளாக விலைபோகும். அந்தப் பணத்தில் வெயில்காலம் முழுக்க ஆம்பியர் வாங்கலாம். ஆம்பியர் முட்டைக்கு, முட்டை ஆம்பியருக்கு. இடையில் கிடைத்த சந்தில் புருஷனும் பெண்டாட்டியும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஈடு கூமுட்டையாகிப் போனால் பெட்டியை விற்றுவிட்டு, சமவெளியில் கூலிக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போக வேண்டியதுதான். நஜ்லாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அடுத்த வீட்டு மர்த்தா பதினெட்டு முட்டையோடு வந்தாள்.

"எண்ணிக்கோடி. எல்லாம் என் சாம்பல் கோழி இட்டது. அது நம்மூர்ச் சேவல் எதையும் ஏறெடுத்தும் பாக்காது."

"அப்புறம் எப்படிக் குஞ்சு வரும்?"

"வெளியூர்ச் சேவல். அத விடு. உன் வீட்டுச் சேவலுக்கு என்ன ஆச்சு, ரெண்டு நாளாக் கொக்கரிப்பே காணோம்?"

"காது கேக்குது மர்த்தா" என்றார் கத்தாஸ், உள்ளறையிலிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன் சார்ஜண்டே."

அந்த வீட்டின் நாள் அதற்குப் பிறகு பெட்டியைச் சுற்றித்தான் ஓடியது. பெட்டியின் சூட்டுக்கம்பி சிவக்கும்போது பல்பு மங்கும். அந்த நேரம் மின்சாரக் கெண்டி வைக்கக் கூடாது. பகல் பன்னிரண்டுக்கும் இரவு பதினொன்றுக்கும் மோட்டார் நின்றதும், கம்பளி ரஜாய் மூன்றைப் பெட்டியின் மேல் போர்த்தி, விறகடுப்பில் கொதித்த தண்ணீரைப் புட்டிகளில் ஊற்றிப் பக்கத்தில் சொருகுவாள். நாளுக்கு மூன்று தடவை ஒவ்வொரு முட்டையையும் புரட்டுவாள். வெளியே மார்ச் மாதத்து மூடுபனி வாதுமை மரங்களுக்குள் புகுந்து, பூ எது பனி எது என்று தெரியாமல் செய்துகொண்டிருக்கும். உள்ளே அறை மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கைபோல வெதுவெதுவென்றிருக்கும். அந்தியில் டார்ச் விளக்கின் முனையில் முட்டையை வைத்துப் பார்ப்பாள். ஓட்டுக்குள் சிவப்பு நூல்கள் ஓடும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப்போல, மெல்ல அசையும். கத்தாஸ் செய்தித்தாளை விலக்காமலே கேட்பார்: "உயிரோட இருக்கானா?"

"இருக்கான்."

"ம்." அவருக்கு எல்லா முட்டையும் ஆண்தான்.

முட்டை வைத்த பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, கவர்மெண்டு வந்தது.

சலவை இயந்திரத்தில் துணியைப் போட்டு, சுவிட்சையும் தட்டியே வைத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். வந்த நொடியில் தவறவிடக் கூடாதே என்று. மூடுபனிக்குள் நாற்பது இயந்திரங்கள் ஒரே மூச்சில் சுற்றத் தொடங்கின. மொட்டைமாடித் தொட்டிகளில் தண்ணீர் ஏறியது. மூன்றே முக்காலுக்கு எல்லோரும் ஈரக் கையோடு நின்று பல்பைப் பார்த்தார்கள். அது போகவில்லை. ஐந்தானது. மோட்டார் கிளம்பவில்லை, தேவையில்லாததால். அந்த அமைதியில் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது. ஊருக்குள் அப்படி ஒரு வாய்க்கால் இருப்பது புதிதாக வந்த மருமகள்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமையும் இருந்தது. வியாழனும் இருந்தது.

முதல் நாள் துணிகளைத் துவைத்தார்கள். இரண்டாம் நாள் திரைச்சீலைகளை. மூன்றாம் நாள், துவைக்க எதுவும் மீதியில்லாமல், துவைத்ததையே துவைத்தார்கள். எல்லோரும் வெந்நீரில் குளித்து, சிவந்த முகத்தோடு, நனைந்த தலையோடு வாசலில் நின்றார்கள். மாட்டுக்கொட்டிலில் பல்பு, கோழிக்கூண்டில் பல்பு, பட்டப்பகல் பனிக்குள் ஊரே மஞ்சளாக மிதந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. பேசினால் அது விழித்துக்கொண்டு போய்விடும் என்பதுபோல. மோட்டார் சத்தம் இல்லாததால் பலருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று மறுநாள் சொன்னார்கள், அதையும் கிசுகிசுத்து.

ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஊரில் பெரிய இடத்துச் சாவு என்றார் ஒருவர். அங்கே விசாரித்தால், சாவு உங்கள் ஊரில் என்றல்லவா நினைத்தோம் என்றார்கள். கம்பியை நிறுத்த வேண்டிய ஆள் காடை சுடப் போயிருக்கிறான் என்றாள் மர்த்தா. இன்றுவரை அதைவிடப் பொருத்தமான விளக்கம் வரவில்லை.

கத்தாஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அரசாங்கம்னா என்னன்னு நெனச்சீங்க? சாயும். எந்திரிக்கும். நான் அதுக்கு இருபத்தாறு வருஷம் உழைச்சவன்" என்றார். குளிர்பெட்டியிலிருந்து பூட்சை வெளியே எடுத்தார். துடைத்தார். வெள்ளிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கம்பத்துப் பெட்டியைத் திறந்து தன் ட்ரிப் சுவிட்சைத் தானே கழற்றி, நேராகத் தன்னூஸின் அலுவலகத்துக்குப் போய் மேசைமேல் வைத்தார். சந்தாப் பணம் கட்ட வந்திருந்த நாலைந்து பேர் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"இந்தா தன்னூஸ், உன் இரண்டரை."

தன்னூஸ் அதைப் பார்த்தார், தொடவில்லை. "முஅல்லிம்" என்று நினைவூட்டினார்.

"ஐஸ்கிரீம் வித்தப்ப உன்னத் தன்னூஸ்னுதான் கூப்பிட்டேன். நீயும் வந்து நின்ன."

"சார்ஜண்ட் கத்தாஸ், ஒரு நிறுவனம்னு இருக்கு. அதுக்கு ஒரு முறை இருக்கு. விலகணும்னா எழுத்துல ஒரு மாச முன்னறிவிப்பு..."

"நிறுவனமா? தகரக் கொட்டாயும் ஒரு மோட்டாரும். அத ஓட்டுறதும் நீ இல்ல, உன் வேலையாளு ஷஹாதே. நீ எங்க இருட்ட வித்து வயிறு வளத்தவன். கவர்மெண்டு திரும்பிருச்சு. கடைய மூடு."

"நாளைக்குப் போயிருச்சுன்னா?"

"போகாது."

"போயிருச்சுன்னா?"

"நீ அரசாங்கத்துக்கே சாபம் விடுறியா?"

சுவரோரம் நின்றவர்கள் முகம் மலர்ந்தது. ஒருவர் கத்தாஸின் தோளைத் தட்டினார். இன்னொருவர் வாசல் வரை கூடவே வந்து, "எங்க மனசுல இருந்தத அப்படியே கேட்டுட்டீங்க" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் ஐந்து ஆம்பியருக்கான பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார்.

நஜ்லா அன்று பயறும் கோதுமை நொய்யும் சேர்த்து வேகவைத்து, வெங்காயம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே மனுஷா?"

"தன்மானக் காரியம்."

"பதினேழாம் நாளு இன்னைக்கு. இன்னும் நாலு நாளுல பொரிஞ்சிரும். உன் தன்மானம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்காதா?"

"பெட்டியப் பாரு. மூணு நாளா ஒரு கோடு அசைஞ்சிருக்கா? தன்னூஸ் கரண்டுல எப்பவாவது இப்படி நின்னுச்சா?"

அது உண்மைதான். பெட்டியின் வெப்பமானி முள் முப்பத்தேழரையில் தூங்குவதுபோல நின்றிருந்தது. நஜ்லா வாதத்தை விட்டுவிட்டு வெங்காயத்தைப் பார்த்தாள். அது கருகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்து இருபதுக்கு, சரவிளக்கு அணைந்தது. ஊரே ஒரு நொடி நிறுத்தியது. பாதிரியார் இருட்டிலேயே தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேட்டில் மோட்டார் கிளம்பும் சத்தம் வந்தது. சரவிளக்கு மறுபடி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. கத்தாஸ் பீடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நஜ்லா நிற்கவில்லை. முழங்கால் வலியோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

கோயில் விடுவதற்குள் குழுவில் குரல் வந்துவிட்டது. "மதிப்புக்குரிய சந்தாதாரப் பெருமக்களே. விலகிச் சென்றவர்கள் மீண்டும் இணைய விரும்பினால், குறைந்தது ஐந்து ஆம்பியர், மூன்று மாத முன்பணம், மற்றும் இதே குழுவில் பகிரங்க வருத்தம்." விலகிச் சென்றவர்கள் என்ற பன்மைக்குள் ஒரே ஒரு மீசைதான் இருந்தது.

மர்த்தா தன் வீட்டு வயரை இழுத்துக்கொண்டு வந்தாள். "இத சொருகு."

"வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு வயர் விட்டா உன் லைனையும் வெட்டிருவான். உன் இன்சுலின் குளிர்பெட்டில இருக்கு."

"அப்ப என்னடி பண்ணப் போற?"

ரஜாய் மூன்று, புட்டி எட்டு, விறகடுப்பு. பன்னிரண்டு மணிக்குப் பெட்டி முப்பத்தாறு காட்டியது. ஒரு மணிக்கு முப்பத்தைந்து. கதவிடுக்கில் மூடுபனி ஒரு பூனைபோல நுழைந்து, அறைக்குள் சுற்றிவந்தது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார்கள். அவரவர் எழுத்து அந்த முட்டைகளின் மேல் இருந்தது. கேட்காததுதான் நஜ்லாவுக்குத் தாங்க முடியவில்லை.

"அவன்கிட்டப் போ கத்தாஸ்."

"முன்பணம் எங்க இருக்கு?"

"பணம் இல்லன்னு சொல்லு. வருத்தம் சொல்லு. அதுக்குக் காசு வேணாம்."

கத்தாஸ் தொலைபேசியை எடுத்து, குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். விரலை எடுத்தார். குழுவில் போய்ச் சேர்ந்தது அந்தச் செருமல் மட்டும்தான். கீழே யாரோ ஒரு மெழுகுவத்திப் படம் போட்டார்கள்.

இரண்டு மணிக்கு ஷஹாதே வந்தார். தன்னூஸின் மோட்டாரை ஓட்டும் சிரியாக்காரர். ஐம்பதைத் தொட்ட மனிதர். போர் வந்து ஓடிவருவதற்கு முன் ஹமா பக்கத்தில் நான்கு கொட்டகை நிறையக் கோழி வைத்திருந்தவர் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. கேட்டதில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னும் இருக்கு அக்கா. ஆனா ராத்திரி தாங்காது."

"என்ன பண்ணலாம்?"

"மோட்டார் ரூம்ல புகைக்குழாய் போற சுவர் ஒண்ணு இருக்கு. மோட்டார் நின்னாலும் அஞ்சு மணி நேரம் அடுப்பாட்டம் இருக்கும். நான் உருளைக்கிழங்கு சுடுறதே அங்கதான். சாக்கும் தவிடும் விரிச்சுட்டு வந்துட்டேன். கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சா சரியா முப்பத்தேழு நிக்கும். நான் கைய வச்சுப் பாத்துட்டேன்."

"தன்னூஸ் விடுவானா?"

"சாவி எங்கிட்ட இருக்கு. அவருகிட்ட இருக்கறது நாற்காலி."

பெட்டியை வண்டியில் ஏற்ற முடியாது. அந்தப் பாதையின் குலுக்கலில் ஒரு முட்டை மிஞ்சாது. கூடையில் வைத்தால் பனி. ஷஹாதே யோசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளறைக் கதவு திறந்தது. கத்தாஸ் ராணுவ மேல்கோட்டில் நின்றார். கழுத்து முதல் கணுக்கால் வரை தொங்கும், காக்கிக் கம்பளி. பொத்தான்களைக் கழற்றி, பனியனைத் தூக்கி, இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வை" என்றார்.

நஜ்லா வயிற்றைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்தாள்.

"எத்தன தாங்கும்?"

"நீ வை. பேசாத. சிரிப்பு காட்டாத."

"சார்ஜண்ட் நாட்டுக்காக எதையும் இவ்வளவு பதமாத் தூக்குனதில்ல" என்றாள் வாசலில் நின்ற மர்த்தா. சொல்லிவிட்டு, தன் சாம்பல் கோழியின் பதினெட்டையும் கேட்டு வாங்கி மார்புக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவரவர் வந்தார்கள். அழைக்கவில்லை. யார் பார்த்து யாருக்குச் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை. நஜ்லா எழுத்தைப் படித்துப் படித்துக் கொடுத்தாள். பால்காரர் அக்குளில் வைத்துக்கொண்டார். பாதிரியார் அங்கியின் உட்பையில் ஆறு வாங்கிக்கொண்டார், தாடியால் மூடி.

நான் பார்த்த ஊர்வலங்களில் அதுதான் அழகானது. கொடி இல்லை, பேச்சாளர் இல்லை. முப்பது பேர் மூடுபனிக்குள், தூக்கத்தில் நடப்பவர்களைப்போல, காலால் கல்லைத் தடவித் தடவி மேடேறினார்கள். ஒருவர் கையும் வீசவில்லை. முன்னால் போகிறவரின் முதுகு கரைந்து, பூத்த வாதுமைக் கிளை ஒன்று முகத்தருகே வந்து, அதுவும் கரைந்தது. எங்கேயோ ஒரு நாய் குரைக்க வாயெடுத்து, பார்த்துவிட்டு, விட்டுவிட்டது. எல்லோருடைய உடம்பிலும் யாருக்கோ சொந்தமான சின்னச் சூடு ஒன்று பயணம் செய்துகொண்டிருந்தது. கத்தாஸ் பிறகு நஜ்லாவிடம் மட்டும் சொன்னாராம், பாதி வழியில் தன் வயிற்றில் ஏதோ தட்டியது என்று.

தவிட்டுப் படுக்கையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தன்னூஸ் வந்தார். கைகள் பின்னால்.

"யார் அனுமதி குடுத்தது? இது டீசல் இருக்கிற எடம். பொறுப்பு யாருது? மூணு மாச முன்பணம், ஐந்து ஆம்பியர்னு நான் தெளிவா..."

கத்தாஸ் அவர் எதிரே நின்றார். திட்டுவதற்குக் கையை உயர்த்த முடியாது. கோட்டுக்குள் இன்னும் ஒன்பது பாக்கி. "தன்னூஸ்" என்று தொடங்கி, விழுங்கி, "முஅல்லிம்" என்றார். அதைக் குழுவில் அல்ல, முப்பது பேர் முன்னால் சொன்னார். "நான் அவசரப்பட்டுட்டேன். இந்த முட்டைங்க அவசரப்படல."

தன்னூஸ் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் மெதுவா முஅல்லிம்" என்றார் ஷஹாதே. "உள்ள கேக்குது." ஒரு முட்டையை எடுத்து நீட்டினார். வேறு வழியில்லாமல் தன்னூஸின் கைகள் முதுகிலிருந்து முன்னால் வந்தன. காதில் வைத்தார். ஓட்டுக்குள்ளிருந்து, கிணற்றடியில் யாரோ கூப்பிடுவதுபோல, கீச்சென்று ஒரு குரல். பனியும் நாங்களும் காத்திருந்தோம். அவர் அந்த முட்டையை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"அஞ்சாகப் போகுது" என்றார் கடைசியில், ஷஹாதேயிடம். "ஸ்டார்ட் பண்ணு."

அன்று பதினொன்றுக்கு மோட்டார் நிற்கவில்லை. திங்கள் மதியமும் நிற்கவில்லை. செவ்வாய் மாலை வரை ஓடிற்று. "மனிதாபிமான அடிப்படையில்" என்று குழுவில் குரல் வந்தது. அந்த மனிதாபிமானத்துக்கான டீசல் எல்லோர் சந்தாவிலும் சமமாகப் பிரிக்கப்படும் என்று அதே மூச்சில் வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. கொஞ்சம்தான் முணுமுணுத்தார்கள்.

நூற்று முப்பத்தொன்பது பொரிந்தன. சூடு கொடுத்தவருக்குப் பாதி என்ற வழக்கத்தைத் தன்னூஸ் நினைவூட்டிப் பார்த்தார். "எட்டு வருஷமா வானத்துக்கு ஊதிவிட்ட சூட்டுக்கா பாதி?" என்று மர்த்தா கேட்டாள். தன்னூஸ் பதினொரு குஞ்சுகளை 'கௌரவ அன்பளிப்பாக' ஏற்றுக்கொண்டு, கத்தாஸின் ட்ரிப் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டரைதான், முன்பணம் இல்லை.

குஞ்சுகளை விருந்தினர் அறைக்குக் கொண்டுவந்து, அட்டைப்பெட்டிகளில் விட்டு, மேலே பல்பு தொங்கவிட்டாள் நஜ்லா. முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் நின்றது. அந்த நொடியில் எல்லாக் குஞ்சுகளும் தலை தூக்கின. பிறகு அழ ஆரம்பித்தன. நொய் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வெந்நீர்ப் புட்டிகள் வைத்தாள். அவை மேல் ஏறி நின்று அழுதன. ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் அடியில் இருந்த மூன்று செத்தன. ஐந்து மணிக்கு மோட்டார் கிளம்பியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் தூங்கிவிட்டன. மறுநாளும் அப்படித்தான். நான்கு செத்தன.

ஷஹாதே வந்து, மண்டியிட்டுப் பார்த்தார்.

"ஓட்டுக்குள்ள இருக்கறப்ப எந்தக் குரலக் கேட்டுச்சோ அதுதான் தாயின்னு நெனைக்கும் அக்கா. இதுங்க கேட்டது அந்த மோட்டார."

"ஈஸ்டர் சந்தைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே" என்றாள் நஜ்லா. "பகல்ல அஞ்சு மணி நேரம் தின்னாம எப்படித் தாங்கும்?"

வானொலி வைத்துப் பார்த்தாள். காப்பி அரைக்கும் கையியந்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள். குஞ்சுகள் அவளை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அழுதன.

மூன்றாம் நாள் பன்னிரண்டு அடித்தது. மோட்டார் நின்றது. நஜ்லா அடுப்படியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். அழுகை தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது. அவள் ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றாள்.

சுவரில் சார்ஜண்ட் கத்தாஸ் சீருடையில் முறைத்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே சார்ஜண்ட் கத்தாஸ், தரையில் மண்டியிட்டு, அட்டைப்பெட்டியின் விளிம்பில் முகவாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அதிரவிட்டுச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். துர்ர்ர்ர்ர்ர். நடுநடுவே, தன்னூஸின் மோட்டார் இருமுவதுபோல ஒரு இருமலும். மீசை நுனி துடித்தது. குஞ்சுகள் அந்த மீசைக்குக் கீழே வந்து கூடி, நொய் கொத்தின. சில நின்றபடியே தூங்கின.

சொல்வதற்கு நஜ்லாவிடம் எவ்வளவோ இருந்தது. ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டேகால் இருக்கும், பல்பு சட்டென்று பளிச்சிட்டது. "கவர்மெண்டு! கவர்மெண்டு!" என்று தெருவில் மர்த்தா ஓடினாள். ஊர் முழுக்கக் கதவுகள் திறந்தன, இயந்திரங்கள் சுற்றின, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறியது. கத்தாஸ் கண்ணைத் திறக்கவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது, மூச்சு அறுந்துகொண்டிருந்தது.

நஜ்லா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலிருந்து அந்தத் துர்ர்ர்ரை அவள் எடுத்துக்கொண்டாள்.